நிழல் விழுந்தால்தான் கல்: ராமநாதபுரம் கரையோரத்தில் கிட்னி ஸ்கேன் சேவை எப்படி இருக்கிறது?

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று இந்தக் கரையில் எந்த ஊரில் விலாவில் குத்து வலி வந்தாலும் முதலில் காதில் விழும் சொல் ‘கல்லடைப்பு’தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். வெயில் கடுமை. கடலுக்குப் போகிறவர்கள் கேனில் கொண்டுபோகும் தண்ணீர் அளவானது. உப்பளத்தில் நிற்கிறவர்களுக்குக் குடித்த தண்ணீரெல்லாம் வேர்வையில் போய்விடுகிறது. சிறுநீர் கெட்டிப்பட்டால் கல் கட்டும். அதனால் ஸ்கேன் அறைக்குள் நுழையும்போதே, படுக்கிறவரும் பார்க்கிறவரும் கல்லைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பிழை நுழைகிற இடமும் அதுதான். சிறுநீரகத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கல் அல்ல. புற்று அல்லாத சில கட்டிகளும், அரிதாகத்தான் என்றாலும், அதே வெள்ளையில் தெரியும்.

இந்த மதிப்பீட்டில் நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று. காசு கொடுத்து வாங்கும் ரிப்போர்ட், கல்லையும் கட்டியையும் பிரித்துச் சொல்கிறதா? ஏசி, நாற்காலி, டோக்கன் ஒழுங்கு எதையும் கணக்கில் எடுக்கவில்லை. தனியார் மையங்களின் பெயரையும் சொல்லவில்லை, ஏனென்றால் இங்கே தரம் என்பது அன்றைக்கு உடம்பில் வைத்துப் பார்க்கும் கருவியை (ப்ரோப்) பிடிக்கும் கையைப் பொறுத்தது. காலையில் ஒரு டாக்டர், மாலையில் வெளியூரிலிருந்து வந்துபோகும் இன்னொருவர் என்றால், ஒரே மையம் ஒரே நாளில் இரண்டு விதமாக இருக்கும்.

ஊர் அல்ட்ராசவுண்டு: வீக்கத்துக்கு நல்லது, பிரித்தறிய அரைகுறை

சிற்றூர்களில் பெரும்பாலும் கிடைப்பது அல்ட்ராசவுண்டு மட்டுமே. ஒரு விஷயத்தில் அதை மெச்சியே ஆக வேண்டும். சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். ரிப்போர்ட்டில் ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று வருவது இதைத்தான். அவசரமா, நாளை பார்த்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்க இதுவே முதல் தகவல். இதிலும் ஒரு கண்ணி உண்டு. சிறுநீர்ப்பை முட்ட முட்ட நிறைந்திருந்தால் இரண்டு சிறுநீரகங்களிலும் லேசான வீக்கம் தெரியும். நல்ல மையத்தில் பாத்ரூம் போய்வரச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள். அப்போது வீக்கம் வடிந்திருந்தால் அது அடைப்பு அல்ல. இந்த மறுபார்வைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் கூட்ட நேரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

இனி முக்கியமான விஷயம். ஒலி அலை கல்லில் பட்டால் பெரும்பகுதி திரும்பிவிடும், கல்லைத் தாண்டிப் பின்னால் போகாது. அதனால் திரையில் முன்பக்கம் பளிச்சென்று ஒரு வெள்ளை வளைவு, அதன் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அந்தக் கறுப்புப் பட்டைதான் நிழல். ரிப்போர்ட்டில் ‘போஸ்டீரியர் அகூஸ்டிக் ஷேடோயிங்’ என்று எழுதுவார்கள்.

கல்லோடு அதிகம் குழம்பும் கட்டி ஆஞ்சியோமயோலைப்போமா. பெயர் நீளமாக இருந்தாலும் பொருள் எளிது: ரத்தநாளம், மென்தசை, கொழுப்பு மூன்றும் கலந்த கட்டி. சுருக்கமாக ஏ.எம்.எல். என்பார்கள். மரபு நோய் எதுவும் இல்லாமல் தனியாக வருவது பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு. கொழுப்பு இருப்பதால் அல்ட்ராசவுண்டில் இதுவும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஆனால் கத்தரித்தது போன்ற கறுப்பு நிழல் விழாது. சிலவற்றில் மெல்லிய மங்கல் மட்டும் விழும். இருக்கும் இடமும் வேறு. கல் சிறுநீர் சேரும் குழிகளில், அதாவது ‘கேலிக்ஸ்’ எனப்படும் இடத்தில் கிடக்கும். ஏ.எம்.எல். பெரும்பாலும் சிறுநீரகத்தின் சதைப்பகுதியில், ஓரத்தை ஒட்டி உருண்டையாக உட்கார்ந்திருக்கும். 8 மி.மீ. ஏ.எம்.எல். ஒன்று உட்பக்கமாக, குழிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால், அவசரக் கண்ணுக்கு அது கல்லாகவே படும்.

குழப்பம் இதோடு முடிவதில்லை. 5 மி.மீ.க்குக் குறைந்த உண்மையான கல்லும் பல நேரம் நிழல் போடாது. அதனால் ‘நிழல் இல்லை, ஆகவே கட்டி’ என்று நேராகச் சொல்லிவிட முடியாது. இங்கேதான் மெஷினை ஓட்டுகிறவரின் திறமை தெரிகிறது. செய்ய வேண்டியவை இவை. அல்ட்ராசவுண்டு படத்தின் குவியப் புள்ளியை அந்த வெள்ளைப் புள்ளியின் ஆழத்துக்கே கொண்டுவர வேண்டும். குவியம் வேறு ஆழத்தில் இருந்தால் கல்லின் நிழலும் கரைந்துவிடும். புதிய மெஷின்களில் பல கோணப் படங்களைக் கலந்து வழவழப்பாகக் காட்டும் ‘காம்பவுண்டு’ வசதி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். படம் அழகாக இருக்கும், ஆனால் நிழலை அழித்துவிடும். கல் தேடும்போது அதை அணைத்துவிட்டு, ‘ஹார்மோனிக்’ வசதியைப் போட்டால் நிழல் கூர்மையாகும். விலையுயர்ந்த புது மெஷினில் ‘நிழல் இல்லாத கல்’ என்று ரிப்போர்ட் வருவதற்கு இந்த ஒரு பொத்தான் காரணமாக இருக்கலாம்.

அடுத்தது கலர் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும் வசதி. கலர் பெட்டியை வெள்ளைப் புள்ளியின் மேல் வைத்து, வேக அளவை உயர்த்தினால், கல்லின் சொரசொரப்பான மேற்பரப்புக்குப் பின்னால் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும். ‘ட்விங்கிளிங்’ என்று பெயர். ரத்த ஓட்டத்தின் வேகம் உயர்த்தி வைத்த அளவுக்குக் கீழே அடங்கிவிடும், இந்த மின்னல் மட்டும் அடங்காது. நூற்றுக்கு நூறு இதை நம்பவும் முடியாது. சில கல் மின்னாது, சில சமயம் வேறு கால்சியப் படிவும் மின்னும். ஆனாலும் நிழலோடு சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் பாதிக்கு மேல் குறையும். இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். டாப்ளர் என்று தனிக் கட்டணம் போடும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. தனியாகக் கேட்டால் நீங்கள் கொடுக்க மறுக்கலாம்.

பிறகு, ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்ப்பது. ஒட்டாமல் கிடக்கும் கல்லும் குழியில் தேங்கிய சுண்ணாம்புப் பாலும் (கால்சியம் துகள் கலந்த நீர்) உடம்பு திரும்பினால் இடம் மாறும். கட்டி நகராது. மல்லாக்கப் படுத்த நிலையில் மட்டும் பார்த்து அனுப்பும் மையத்துக்கு எங்கள் மதிப்பெண் குறைவுதான்.

‘டாக்டரம்மா, அந்தக் கல்லுக்குப் பின்னாடி நிழல் விழுதுங்களா? கலர் போட்டா மின்னுதுங்களா?’ என்று ஸ்கேன் மேசையில் படுத்தபடியே கேட்டுவிடுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் திரையைத் திருப்பிக் காட்டுகிறவர் கிடைத்தால், அவர் இருக்கும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

‘கால்குலஸ்’ என்றால் கல் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ‘எகோஜெனிக் ஃபோகஸ்’ என்றால் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிகிறது, என்னவென்று சொல்லவில்லை. இரண்டாவது சொல்லைப் பார்த்து, டாக்டருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் நேர்மையான சொல். நிழலும் மின்னலும் பார்க்காமல் ‘கால்குலஸ்’ என்று எழுதுவதைவிட, ‘நிழலற்ற வெள்ளைப் புள்ளி, மேல்முனை, சதைப்பகுதி, 9 மி.மீ., சிடி ஸ்கேன் பார்க்கவும்’ என்று எழுதும் ரிப்போர்ட் எத்தனையோ மேல்.

நல்ல ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியவை: எந்தச் சிறுநீரகம், மேல்முனையா நடுவா கீழ்முனையா, குழியிலா சதையிலா, அளவு, நிழல் உண்டா, வீக்கம் உண்டா. கூடவே படத்தின் அச்சு. அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அல்ட்ராசவுண்டு சிறு கல்லைப் பெரிதாகக் காட்டும் பழக்கம் உள்ளது. வெள்ளை வளைவை அளப்பதைவிட நிழலின் அகலத்தை அளந்தால் உண்மைக்கு நெருக்கமாக வரும். 4 மி.மீ. கல் 7 ஆக எழுதப்பட்டால், தானாக இறங்க வேண்டியதற்கு ஆபரேஷன் பேச்சு வந்துவிடும்.

ரிப்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே வாக்கியங்கள், எண்கள் மட்டும் மாறியிருந்தால் அது அச்சு வார்ப்பு. இந்தக் கரையில் மட்டுமல்ல, எங்கும் உள்ள குறை இது. ஆனால் இங்கே இரண்டாவது கருத்துக்கு ஓடுவதற்குத் தூரம் அதிகம் என்பதால் இங்கே அது அதிகமாகக் கடிக்கிறது.

போவதற்கு முன்

வயிறு முழுவதும் பார்ப்பதென்றால் 6 மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். சிறுநீரகக் குழாயின் அடிப்பகுதி தெரிய வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்பு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடித்து அடக்கி வைத்திருக்க வேண்டும். சிறுநீரகத்தை மட்டும் பார்க்க நிறைந்த பை தேவையில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்பு நாட்களில் இது குழப்பமாகிறது. வயிறு காலியாக இருக்கிறது, ஆனால் பை நிறையாது. வலி அவசரமில்லாதவர்கள் நோன்பு திறந்த பிறகுள்ள நேரத்தைக் கேட்டு வாங்கலாம். அல்லது பகலில் சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டு, பையை மட்டும் இரவில் பார்க்கச் சொல்லலாம். இதற்கு ஒத்துவரும் மையங்களுக்கு நாங்கள் கூடுதல் மதிப்புத் தருகிறோம்.

வரவேற்பில் கேட்க வேண்டியது: ரேடியாலஜி படித்த டாக்டர் எந்த நேரம் இருப்பார்? அல்ட்ராசவுண்டு மெஷின் வைத்திருக்கும் மையம் 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சிடி வைத்திருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். சுவரில் இவை இல்லாவிட்டால் அங்கே நிற்க வேண்டாம்.

சிடி: வெள்ளை கறுப்பாகும் இடம்

சந்தேகம் தீர ஒரே நேர்வழி, கான்ட்ராஸ்ட் ஊசி போடாத சாதா சிடி. இதன் அழகு என்னவென்றால், அல்ட்ராசவுண்டில் ஒரே மாதிரி வெள்ளையாக நின்ற இரண்டும் இங்கே எதிரெதிராகப் பிரிந்துவிடும். கல் பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கும். கொழுப்புள்ள ஏ.எம்.எல். கறுப்பாக மாறிவிடும்.

கறுப்பு வெள்ளையை எண்ணாகவும் சொல்லலாம். ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு என்று பெயர். சிடியை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசு பெற்றவரில் ஒருவரான காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர் அது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. சிறுநீரகச் சதை சாதா சிடியில் 30-லிருந்து 40. கொழுப்பு மைனஸில் இருக்கும். கட்டிக்குள் மைனஸ் 10-க்குக் கீழே எண் வந்தால் கொழுப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். யூரிக் அமிலக் கல் சில நூறுகளில் நிற்கும், கால்சியம் ஆக்சலேட் கல் பெரும்பாலும் 1000-ஐத் தாண்டும். ஆக, ரிப்போர்ட்டில் இந்த எண் இருந்தால் போதும், வாக்குவாதமே தேவையில்லை. ஆனால் பல ரிப்போர்ட்டுகளில் இந்த எண்ணைத்தான் காணோம். கல் என்றால் கல்லின் எண்ணும், கட்டி என்றால் கட்டிக்குள் எடுத்த எண்ணும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் போட்டால் வந்துவிடும்.

எண் தவறுவதற்கும் காரணம் உண்டு. 6 மி.மீ. கட்டியை 5 மி.மீ. தடிமனுள்ள வெட்டில் பார்த்தால், அந்த வெட்டுக்குள் கொழுப்போடு பக்கத்துச் சதையும் கலந்து சராசரியாகிவிடும். மைனஸ் 40 இருக்க வேண்டியது பிளஸ் 10 என்று காட்டும், கொழுப்பு மறைந்துவிடும். 1 அல்லது 1.5 மி.மீ. மெல்லிய வெட்டுகளில் பார்த்தால்தான் சிறு கட்டியின் கொழுப்பு பிடிபடும். இன்றைய மெஷின்கள் மெல்லியதாகவே படம் பிடிக்கின்றன, தடித்த வெட்டாக மாற்றி ஃபிலிமில் அச்சிடும்போதுதான் தகவல் தொலைகிறது. அதனால் ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ முழுப் படத்தையும், ‘மெல்லிய வெட்டோடு’ என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மதுரையில் இன்னொரு டாக்டர் பார்க்கும்போது, மறுபடி சிடி எடுக்காமல் காப்பாற்றுவது அதுதான்.

கதிர்வீச்சுக் கணக்கையும் மறக்கக் கூடாது. வழக்கமான வயிற்று சிடி ஒன்றுக்கு 10 மில்லிசீவர்ட் அளவில் வரும். கல்லுக்கென்று குறைத்து எடுக்கும் முறையில் 4-க்குள் அடக்கலாம். மனிதர் ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டில் பெறுவது உலகச் சராசரியில் 2.4. அடிக்கடி கல் வருகிறவர்கள் ‘லோ டோஸ்’ என்று சொல்லிக் கேட்க வேண்டும், உடல் மிகப் பருமனாக இருந்தால் மட்டும் அது தெளிவு குறையும். கர்ப்பிணிகளுக்கு சிடி தவிர்த்து எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். கொழுப்பை அணைத்துக் காட்டும் படவரிசை ஒன்று அதில் உண்டு. கொழுப்பு இருந்த இடம் வெள்ளையிலிருந்து கறுப்பாகிவிடும்.

சேவையாகப் பார்த்தால், சிடி மையங்களில் நாங்கள் மிக மதிக்கும் பழக்கம் ஒன்றுதான். முதலில் சாதா சிடி எடுத்து, நோயாளி மேசையில் இருக்கும்போதே ரேடியாலஜிஸ்ட் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் கான்ட்ராஸ்ட் போடுவது. எல்லோருக்கும் முதலிலேயே ஊசி போட்டு எடுத்தால், சிறுநீரகம் முழுவதும் வெளுத்து, சிறு கல் அதில் மறைந்துவிடும். கான்ட்ராஸ்ட் போடுவதற்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சில இடங்களில் படம் இங்கே எடுக்கப்பட்டு, ரிப்போர்ட் வேறு ஊரிலிருந்து வருகிறது. அது குறையே அல்ல. படிப்பவர் திறமையானவராக இருந்தால் நல்லதுதான். ஆனால் அவர் கையில் பழைய அல்ட்ராசவுண்டு ரிப்போர்ட் இருக்காது, கேட்கப்பட்ட கேள்வியும் போய்ச் சேராது. ‘கல்லா, கொழுப்புக் கட்டியா என்று சந்தேகம்’ என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்து, அதைப் படத்தோடு சேர்த்து அனுப்பினால் விடை வேறு தரத்தில் வரும்.

கட்டி என்றாலே கொழுப்புக் கட்டி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 3 செ.மீ.க்கு உட்பட்ட சிறுநீரகப் புற்றுக் கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அல்ட்ராசவுண்டில் வெள்ளையாகத் தெரியும். ‘வெள்ளையாக இருக்கிறது, ஏ.எம்.எல்.தான்’ என்று சிடி பார்க்காமல் அனுப்பும் மையம், கல் என்று தவறாகச் சொல்லும் மையத்தைவிட ஆபத்தானது. ஏ.எம்.எல்.லில் சிறு பங்குக்குக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத அளவே இருக்கும். அவற்றை சிடியிலும் புற்றிலிருந்து பிரிப்பது கடினம், எம்.ஆர்.ஐ. அல்லது ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டிவரும். இன்னொன்று: ஏ.எம்.எல்.லில் கால்சியம் படிவது மிக மிக அரிது. ஒரே கட்டிக்குள் கொழுப்பும் கால்சியமும் சேர்ந்து தெரிந்தால் சாதாரணமாக விடக் கூடாது.

இதைவிட அரிதானவை மூன்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிறுநீரகக் குழாயின் மேற்பகுதியில் விரல் மாதிரி தொங்கும் சதை வளர்ச்சி ஒன்று உண்டு, ஃபைப்ரோஎபிதீலியல் பாலிப் என்று பெயர். அது ஆடி ஆடி வழியை அடைத்து, விட்டு விட்டு வலி தரும். எக்ஸ்-ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல் என்று நினைத்து மாதக்கணக்கில் கரைக்கும் மருந்து கொடுக்கப்படலாம். சாதா சிடியில் கல் சில நூறு எண்ணில் இருக்கும், பாலிப் சதையின் எண்ணில்தான் இருக்கும். அடைப்பு இருக்கிறது, கல்லின் எண் வரவில்லை என்றால், குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் யூரிட்டரோஸ்கோப்பிதான் வழி. அதே கையோடு லேசரில் அறுத்துவிடலாம். சதையைப் பரிசோதனைக்கு அனுப்பிப் புற்று இல்லை என்று உறுதி செய்வது கட்டாயம்.

இரண்டாவது ஹெமாஞ்சியோமா, ரத்தநாளக் கட்டி. சிறுநீரகக் குழியின் நுனியில் உட்கார்ந்து, வலி அதிகமில்லாமல் சிவப்பாகச் சிறுநீர் போக வைக்கும். அதற்குள் சுண்ணாம்புத் துணுக்கு படிந்தால் கல் போலவே தெரியும்.

மூன்றாவது கைக்குழந்தைகளுக்கு வருவது. ஆசிஃபையிங் ரீனல் டியூமர் ஆஃப் இன்ஃபன்ஸி என்று 1980-இல் விவரிக்கப்பட்டது. உலக மருத்துவ இதழ்கள் அனைத்திலும் சேர்த்தே மிகச் சிலதான் பதிவாகியிருக்கின்றன. எலும்பு போன்ற பொருள் உருவாகி, குழிகளை நிறைக்கும் மான்கொம்புக் கல் மாதிரியே நிற்கும். ஆண் குழந்தைகளில் அதிகம், முதல் அறிகுறி சிறுநீரில் ரத்தம். கைக்குழந்தைக்கு மான்கொம்புக் கல் என்று ரிப்போர்ட் வந்தால், குழந்தைகள் சிறுநீரக அறுவை டாக்டர் பார்க்காமல் எந்த முடிவும் வேண்டாம்.

வயதான சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தநாளச் சுவரில் படியும் சுண்ணாம்பும் இரண்டு இணை கோடுகளாகக் கல் போலத் தெரியும். காசநோய்ப் பழைய தழும்பும் கல் போலத் தெரியலாம்.

தவறாகக் கல் என்றால் என்ன கெட்டுவிடும்?

சிறுபீளையும் வாழைத்தண்டுச் சாறும் குடித்துக்கொண்டே இருப்பார்கள், கொழுப்புக் கட்டி எதிலும் கரையாது. ‘கல் இறங்க’ என்று கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைத்துத் தலைசுற்றலைத் தரக்கூடியது. ஆடும் வள்ளத்தில் நிற்கிறவருக்குத் தேவையில்லாத தலைசுற்றல் விளையாட்டல்ல. எல்லாவற்றையும்விட மோசம், அதிர்வலையால் கல் உடைக்கும் சிகிச்சைக்கு அனுப்புவது. ஏ.எம்.எல்.லின் ரத்தநாளங்களுக்கு நெகிழ்வுத்தன்மை தரும் அடுக்கு இருப்பதில்லை, அதனால் அவை பலூன் மாதிரி புடைக்கும். அந்தக் கட்டியில் அதிர்வலை விழுந்தால் உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அதிர்வலை சிகிச்சைக்கு முன் சாதா சிடி பார்க்காமல் தேதி கொடுக்கும் இடத்தில் தேதி வாங்க வேண்டாம்.

அரசு, தனியார், மதுரை

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் சிடி சேவையில் கட்டணம் தனியாரைவிட வெகுவாகக் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். குறை, காத்திருப்பு. வலி தணிந்த நிலையில், ‘கல்லா கட்டியா’ என்று தெளிவுபடுத்த மட்டும் சிடி என்றால், அந்தக் காத்திருப்பால் கெடுதல் ஒன்றுமில்லை. தனியாரில் சில ஆயிரம் கொடுத்து அன்றே எடுப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் குறைவு. காய்ச்சல், குளிர் நடுக்கத்தோடு அடைப்பு, ஒற்றைச் சிறுநீரகம், சிறுநீரே வராமல் நிற்பது ஆகிய மூன்றும் வேறு கதை. அப்போது எங்கே முதலில் கிடைக்கிறதோ அங்கே எடுக்க வேண்டும்.

ஏ.எம்.எல். கட்டியில் ரத்தம் கசியாமலிருக்க, அதற்குப் போகும் ரத்தநாளத்தைக் குழாய் விட்டு அடைக்கும் எம்போலைசேஷன் சிகிச்சைக்கு மதுரையையே நம்பியிருக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல். இந்தத் தூரம்தான் கரையோரத்தில் கட்டியின் அளவைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பதை இவ்வளவு முக்கியமாக்குகிறது.

ஏ.எம்.எல். 4 செ.மீ.யைத் தாண்டினாலோ, கட்டிக்குள் ரத்தநாளப் புடைப்பு 5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, ரத்தக்கசிவு ஆபத்து கூடும். கர்ப்பத்தில் இன்னும் கூடும். அதனால் குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே யூராலஜி டாக்டரிடம் பேசிவிட வேண்டும். எம்போலைசேஷனுக்குப் பிறகு சில நாள் காய்ச்சலும் வலியும் வருவது வழக்கம், மிரள வேண்டாம். இரண்டு பக்கமும் பல கட்டிகள் இருந்து, மூக்கு கன்னங்களில் சிவப்புப் பருக்கள் போன்ற புடைப்பு, வலிப்பு, தோலில் வெளிர்த் திட்டுகள் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற மரபு நோய்க்குப் பார்க்க வேண்டும். அந்த நோயில் வரும் கட்டிகளைச் சுருக்க எவெரோலிமஸ் மாத்திரை இருக்கிறது.

பெரிய கட்டி உள்ளவருக்குத் திடீரென்று விலாவில் கடும் வலி, கண் இருட்டல், வேர்த்துக் குளிர்ந்த உடம்பு, வயிற்றின் பக்கத்தில் புடைப்பு என்று வந்தால் அது கல் வலி அல்ல. வலி ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காமல், 108-க்குச் சொல்லி, ‘கிட்னியில் ரத்தம் கசியக்கூடிய கட்டி, இத்தனை செ.மீ.’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்துக்கு நேராகக் கொண்டுபோக அந்த ஒரு வாக்கியம் உதவும். வலைக்கயிறு இழுக்கிறவர்களும் பாசி எடுக்கப் பாறையில் இறங்கும் பெண்களும் விலாவில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறிய கட்டி, கொழுப்பு உறுதி, தொந்தரவு இல்லை என்றால் பயமே வேண்டாம். மெதுவாகத்தான் வளரும். 2 செ.மீ.க்குள் இருந்தால் அடிக்கடி ஸ்கேன் தேவைப்படுவதில்லை, அதற்கு மேல் டாக்டர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு போதும். விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இதற்கு வசதியான நேரம். கரையில் இருப்பார்கள், கூலி நாள் கெடாது. முடிந்தவரை ஒரே மையம், ஒரே டாக்டர் நேரம். பளபளப்பான அல்ட்ராசவுண்டு அச்சுத்தாள் வெப்பத்தில் மங்கிவிடும், தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடைகூடத் தாங்குமா என்பது சந்தேகமே. வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை உள்ளே போனதும் போன வருடத்துப் படத்தை முதலில் காட்டுங்கள். அப்போதுதான் அளவெடுப்பவர் அதே திசையில், அதே இரண்டு முனைகளில் கர்சரை வைப்பார். இல்லாவிட்டால் கோணம் மாறியதால் வரும் 3 மி.மீ. வித்தியாசம், கட்டி வளர்ந்ததாக ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.